1965–66 மஸ்டாங்: முழுக்கப் பிரிக்காமல் மீட்கும் வழி

அமெரிக்காவில் பழைய கார் விற்பனை விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். ஒரு பக்கம் வெறும் கூடு, இன்னொரு பக்கம் பெட்டி பெட்டியாகக் கழற்றிப் போட்ட பாகங்கள், கீழே "90 சதவீத வேலை முடிந்தது" என்று ஒரு குறிப்பு. யாரோ ஆசையாக வாங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்றி, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று மறந்து கைவிட்ட கார்கள் அவை. புதிதாக இறங்குகிறவர்கள் இதற்கு நேர்மாறாகப் போவது நல்லது. ஓடுகிற காரை, அல்லது சிறு வேலையில் ஓட்டிவிடக்கூடிய காரை வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். அதை முடித்து, காரை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

இந்த முறைக்கு 1965–66 ஃபோர்டு மஸ்டாங்கைவிடத் தோதான கார் குறைவு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான இந்த கார், இரண்டே ஆண்டுகளில் உற்பத்தியில் 10 லட்சத்தைத் தொட்டுவிட்டது. அத்தனை கார்கள் விற்றதால் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. கதவு ரப்பரிலிருந்து தரைத் தகடு வரை புதிதாகவே அடித்து விற்கிறார்கள். டைனகார்ன் என்ற நிறுவனம் முழுக் கூட்டையே தயாரிக்கிறது. 1958 எட்செல் போன்ற கார்களின் அழகு வேறு, ஆனால் அவற்றில் ஒரு குரோம் பட்டை உடைந்தால் அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கூடும் பழம்பாகச் சந்தையில் மேசை மேசையாகத் தேட வேண்டும். முதல் காருக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

வாங்கும் முன் எண்ணைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கம் முன் ஃபெண்டருக்கு, அதாவது சக்கரத்தை மூடும் தகட்டுக்கு, உள்ளே, எஞ்சின் அறையின் பக்கச் சுவரில் காரின் எண் அடிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோஸே, டி (T) மெட்டச்சன். பிறகு வரும் இரண்டு இலக்கங்கள் உடல் வகை: 07 ஹார்டுடாப், 08 கூரை மடியும் கன்வர்டிபிள், 09 பின்கூரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். ஐந்தாவதாக நிற்கும் எழுத்துதான் விலையைத் தீர்மானிப்பது. அது டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் இரட்டைத் துளை கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல வி8. ஏ என்றால் நான்கு துளை, 225 குதிரைத்திறன். கே என்றால் 271 குதிரைத்திறன்.

டி எழுத்துள்ள காரில் வி8 உட்கார்ந்திருந்தால் அது பின்னால் மாற்றியது. சக்கரத்தைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் காருக்குத் தொழிற்சாலை கொடுத்தது நான்கு போல்ட், வி8க்கு ஐந்து. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நான்கு போல்ட்டை அப்படியே விட்டிருந்தால் 9 அங்குல பிரேக் டிரம்மும் மெலிந்த பின் அச்சும் அந்தக் கனமான எஞ்சினைச் சுமக்கின்றன என்று அர்த்தம். அதைச் சரிக்கட்டும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டரைப் பலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள். பானெட்டுக்குள் கை நுழைய இடம் இருக்கிறது, விலையும் குறைவு, கற்றுக்கொள்வதற்கு அதுவே வசதி.

ஓட்டுநர் கதவின் விளிம்பில் ரிவெட் அடித்த தகடு நிறம், உள்ளலங்காரம், அச்சு விகிதம், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் குறியீடாகச் சொல்லும். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி அறிக்கை என்று ஒன்று வாங்கலாம், காரின் பிறப்பு விவரம் முழுவதும் அதில் இருக்கும். 1965–66க்கு அது கிடையாது. கதவுத் தகடுதான் சாட்சி. ஆனால் தகட்டையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள், கதவையும் மாற்றியிருக்கலாம். அதனால் தகட்டில் உள்ள எண்ணும் ஃபெண்டருக்குள் உள்ள எண்ணும் உரிமைச் சான்றான டைட்டில் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

துருவை எங்கே தேடுவது

எஞ்சின் கெட்டால் கழற்றி வைத்துச் சரிசெய்யலாம். தகடு கெட்டால் காரே போயிற்று. மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் இல்லை, தரைத் தகடும் பக்கச் சட்டங்களும் சேர்ந்துதான் உடம்பைத் தாங்குகின்றன. தனி சேஸிஸ் மேல் நிற்கும் 1957 செவ்ரோலே பெல் ஏரில் தரை ஓட்டையானால் காலடியில் ரோடு தெரியும், அவ்வளவுதான். மஸ்டாங்கில் தரையும் சட்டமும் சேர்ந்து அரித்துப்போனால் கார் நடுவில் தொய்யும்.

டார்ச், காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஒரு குடம் தண்ணீர், இவற்றோடு போங்கள். தண்ணீர் எதற்கு என்றால், முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையில் காற்று நுழையும் சல்லடை போன்ற பகுதி இருக்கிறது. அதற்கடியில் ஒரு மூடிய தகட்டுப் பெட்டி. கவுல் என்பார்கள். இலையும் மண்ணும் அதற்குள் சேர்ந்து ஈரம் காயாமல் நின்று, காற்றுக் குழாயைச் சுற்றியுள்ள விளிம்பைத் தின்றுவிடும். அந்தச் சல்லடையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, இன்னொருவரை டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருபுறமும் சொட்டுச் சொட்டாக வந்தால் கவுல் போய்விட்டது. முன் தரை ஓட்டைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கவுலைச் சரிசெய்யாமல் புதுத் தரை வைத்தால் அதுவும் துருப்பிடிக்கும். முறையான பழுது என்றால் முன் கண்ணாடி, இரண்டு ஃபெண்டர் எல்லாம் எடுத்து, ஏராளமான ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல் தகட்டைப் பிரிக்க வேண்டும். புதியவருக்கான வேலை அல்ல. ஓட்டையை மூட ஒட்டி வைக்கும் பிளாஸ்டிக் தொப்பிகள் விற்கிறார்கள். மழையில் எடுக்காத காருக்குச் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும், நிரந்தரத் தீர்வு அல்ல.

அடுத்து பாட்டரிக்குக் கீழே உள்ள பக்கச் சுவரும் சட்டமும். அமிலம் வழிந்து அரித்திருக்கும். பிறகு பின் ஸ்பிரிங் பட்டையின் முன் முனை உட்காரும் சட்டம், டிக்கியின் இரு ஓரங்கள், பின் சக்கர வளைவின் கீழ்ப்பகுதி. சந்தேகம் வருகிற இடத்தில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி. எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் பட்டி ஏறியிருந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்கு மேலே நிற்கும் ஸ்பிரிங் கோபுரங்களில் விரிசல் உண்டா என்பதையும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

நெடுநாள் நின்ற எஞ்சினை எழுப்புவது

வாங்கிய கையோடு பாட்டரி போட்டு சாவியைத் திருப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பல வருடம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும்.

இந்தப் பகுதியின் அளவுகள் 289 வி8க்கானவை. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் முனையில் உள்ள போல்ட்டில் 15/16 அங்குல சாக்கெட் வைத்து, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத் திசையில் கையால் திருப்புங்கள். இறுகினால் நிறுத்தி, மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். நீளமான கம்பியை மாட்டி இழுக்காதீர்கள்.

தாராளமாகச் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, எஃப்எல்-1ஏ ஃபில்டரோடு 5 குவார்ட் புது ஆயில் ஊற்றுங்கள். இப்போது ஆயில் மேலே ஏற வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு அதை உருவி எடுங்கள். அதற்கடியில் ஆயில் பம்பின் கால் அங்குல அறுகோணத் தண்டு இருக்கும். டிரில்லில் பொருத்தும் கால் அங்குல சாக்கெட்டால் அதைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். பிரஷர் ஏறும்போது டிரில் கனப்பது கையில் தெரியும். சாக்கெட் கழன்று உள்ளே விழாமல் இருக்க டேப் சுற்றுங்கள். விழுந்தால் ஆயில் பான் இறங்க வேண்டியதுதான்.

பல 289களில் கேம் சக்கரத்தின் பற்கள் நைலான் பூசியவை. வயதாகி நொறுங்கி, துண்டுகள் ஆயில் பானில் விழுந்து பம்பின் உறிஞ்சு சல்லடையை அடைக்கும். வடித்த ஆயிலில் பழுப்புநிற பிளாஸ்டிக் துணுக்குகள் தெரிந்தால் மேலே போகாதீர்கள். டைமிங் செயினையும் சக்கரங்களையும் மாற்றி, பானையும் கழுவுங்கள்.

பெட்ரோல் பக்கம்: பழைய பெட்ரோலில் வார்னிஷ் நெடி வரும். அதை எஞ்சினுக்குள் விடாதீர்கள். 16 காலன் டேங்கின் மேற்பகுதியே டிக்கியின் தரை. சுற்றி உள்ள திருகுகளை எடுத்தால் இறங்கிவிடும். உள்ளே துரு உதிர்ந்தால் கழுவிப் பூச்சு பூசுவதைவிடப் புது டேங்க் வாங்குவது மேல், விலை கட்டுப்படியாகும். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் 5/16 அங்குலக் குழாயாக மாற்றுங்கள். இரட்டைத் துளை ஆட்டோலைட் 2100 கார்புரேட்டரில் எத்தனாலால் முதலில் காய்ந்து வெடிப்பது ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் தாள். மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் தடுமாறினால் அதைச் சந்தேகியுங்கள். ரீபில்ட் கிட்டில் அதுவும் பவர் வால்வும் கேஸ்கெட்டுகளும் வரும்.

தீப்பொறிக்கு: பிளக் இடைவெளி 0.034 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்டின் இடைவெளி 0.017. முதல் நான்கு சிலிண்டர்கள் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக, 5 முதல் 8 ஓட்டுநர் பக்கம். வெடி வரிசை 1-5-4-2-6-3-7-8, டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. சி எழுத்து எஞ்சினுக்கு வாக்குவம் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டு 6 டிகிரியில் டைமிங் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கிராங்க் முனையிலுள்ள பாலன்ஸரின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் வழுக்கினால் டைமிங் கோடும் நகர்ந்துவிடும். என்ன வைத்தாலும் எஞ்சின் சூடாகி, மந்தமாக இருந்தால், பிஸ்டன் ஸ்டாப் கருவியால் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடித்துக் கோட்டைச் சரிபாருங்கள்.

எஞ்சின் ஓடிச் சூடானதும் கம்ப்ரெஷன் பாருங்கள். எல்லாப் பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, ஐந்து சுற்று. எண் எவ்வளவு என்பதைவிட வித்தியாசம்தான் முக்கியம். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்ததில் கொஞ்சம் ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

ஓட்டும் முன் பிரேக்

எஞ்சின் ஓடிவிட்ட உற்சாகத்தில் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். 1965–66 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. நான்கு சக்கரத்தில் எங்கே கசிந்தாலும் பெடல் தரை வரை போகும், பிரேக் மொத்தமும் போய்விடும். 1967இல்தான் இரட்டை அறை வந்தது. அந்த 1967 மாஸ்டர் சிலிண்டரை, உங்கள் கார் டிரம்மா டிஸ்க்கா என்பதற்கேற்ற வகையாகப் பார்த்து, சில புதுக் குழாய்களோடு இந்தக் காரில் பொருத்தலாம். அசல் தன்மை கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள். பழையதைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் நாளில் கூடவே கொடுத்துவிடலாம்.

வீல் சிலிண்டர் நான்கையும், முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என மூன்று ரப்பர் குழாயையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் காப்பர்-நிக்கல் குழாய் கையால் வளைக்கச் சுலபம். முனையை இரட்டை மடிப்பாக மடிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக்கில் வெடிக்கும்.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ஷூ மாட்டும்போது லைனிங் குட்டையானது முன்பக்கம், நீளமானது பின்பக்கம். தானே இறுகும் அட்ஜஸ்டர் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் இறுகுவதற்குப் பதில் தளரும். ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிரிக்காமல் வைத்தால் பார்த்துப் பார்த்து மாட்டலாம். வி8 காரின் 10 அங்குல டிரம் 10.060க்கு மேல் தேய்ந்திருந்தால் கழித்துவிடுங்கள். டாட் 3 திரவம் ஊற்றி, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் காற்றை எடுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது.

முன் ஸ்பிரிங்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் அது சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கைக்கு (அப்பர் கண்ட்ரோல் ஆர்ம்) மேலே, கோபுரத்துக்குள் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் மேல் கையைக் கழற்றினால் கை கால் போகும். கருவியை உதிரிபாகக் கடைகள் சிலவற்றில் இரவலாகவே தருகிறார்கள். காருக்கு அடியில் போவதானால் எப்போதும் ஜாக் ஸ்டாண்ட், ஜாக்கை மட்டும் நம்பியல்ல.

மின்சாரம்

ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்சுக்குள் ஒரு பிரேக்கர் இருக்கிறது, சூடானால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். ஒளி கூடுதலான பல்ப் போடுவதானால் முன்னால் இரண்டு ரிலே வைத்து பாட்டரியிலிருந்து நேரடியாக எடுங்கள், சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக உச்சிக்குப் போனால் இரண்டுமே கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், மீட்டர் பலகைக்குப் பின்னால் உள்ள சின்ன ரெகுலேட்டர்தான் குற்றவாளி.

இன்னொரு பொறி: சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் இளஞ்சிவப்பு வயர் வெறும் வயர் அல்ல, ரெசிஸ்டர். பாயிண்ட் கருகாமல் இருக்க வோல்ட்டைக் குறைக்கிறது. பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல் வைக்கிறவர்கள் அதே வயரிலிருந்து மாட்யூலுக்கும் மின்சாரம் எடுத்துவிடுகிறார்கள். முழு 12 வோல்ட் கிடைக்காமல் அது சூட்டில் விட்டுவிட்டு வேலை செய்யும். மாட்யூலுக்குச் சாவியிலிருந்து தனி வயர் இழுங்கள். பாயிண்டே வைத்திருக்கிறவர்கள் இளஞ்சிவப்பு வயரைத் தொடாதீர்கள்.

தரைத் தகடு

கவுல் நன்றாக இருந்து தரை மட்டும் போயிருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் முதலில் பழைய தகட்டுத் துண்டுகளில் வெல்டிங் பழகுங்கள். மிக் மெஷின், 0.023 அங்குலக் கம்பி, 75 ஆர்கான் 25 கார்பன் டை ஆக்சைடு வாயு. காரை மட்டமாக நிறுத்தி ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் கீழ் கொடுங்கள். கன்வர்டிபிள் என்றால் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்த பிறகே அறுக்க வேண்டும், இல்லையேல் கதவு மூடாது. ஒரு பக்கத்தை அறுத்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து முடித்த பிறகு மறுபக்கம். நீள்கோடாக வெல்டு இழுத்தால் தகடு நெளியும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்புங்கள். சட்டத்தோடு சேரும் இடத்தில் 5/16 அங்குலத் துளைகள் போட்டு அதன் வழியே பற்றவையுங்கள். முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், விளிம்புகளில் சீம் சீலர். பெட்ரோல் டேங்க், சீட், விரிப்பு எல்லாம் வெளியே, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்.

கடைசிப் பெயின்டை மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு பாகப் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதற்குப் போதாது.

வருடா வருடம்

3,000 மைலுக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில். இந்த எஞ்சின்களில் கேமும் லிஃப்டரும் நேராக உரசுகின்றன, துத்தநாகச் சேர்மம் குறைந்த இன்றைய ஆயிலில் கேமின் மூக்கு தேயும். துத்தநாகம் 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத ஆயிலாகப் பாருங்கள். புதுக் கேம் போட்டால் கிளப்பிய உடனே 2,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓட விட வேண்டும், சும்மா முனக விட்டால் முதல் நாளே கெடும். பிரேக் திரவமும் கூலண்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கூலண்ட் பழசானால் அலுமினிய டைமிங் கவரை உள்ளிருந்து தின்னும், வாட்டர் பம்ப் போல்ட்டுகளும் துருவில் இறுகி, கழற்றும்போது முறியும். மேடுபள்ளத்தில் கிறீச்சென்று கத்துவது மேல் கையின் புஷ், கிரீஸ் துப்பாக்கியால் தீரும்.

மிச்சிகன், ஓஹையோ பக்கம் சாலையில் உப்பு போட ஆரம்பிக்கும் முன் காரை உள்ளே வைத்துவிடுங்கள். டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகும்படி பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அந்தக் கடைசி டேங்க் அதுவாக இருக்கட்டும். பாட்டரிக்கு மெதுவாக ஏற்றும் சார்ஜர். குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறவர்கள் உண்டு. அதனால் நன்மையில்லை. எஞ்சின் முழுக்கச் சூடாகாமல் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தண்ணீர்தான் சேரும். ஒன்று அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள். வெளியே எடுக்கும்போது முதலில் பிரேக் திரவ மட்டம், டயர் காற்று, பெல்ட் மூன்றையும் பாருங்கள். பிறகு ஏர் கிளீனர் மூடியைத் திறந்து உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.